வெள்ளை இமைக் குரங்குகளோடு நாற்பத்துமூன்று நாள்

நவம்பர் 3, திங்கள்

காலை பதினொன்றரைக்குக் குரங்குகள் வந்தன. மரச்சாமான் என்று எழுதிய கன்டெய்னருக்குள் ஒன்பது கூண்டுகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தனவாம். மூன்றில் உயிர் இல்லை. எங்களிடம் வந்தது ஒரு குட்டியோடு சேர்த்து ஏழு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக் காட்டு இனம் என்று டாக்டர் இளவேனில் சொன்னார். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம், இமை மட்டும் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளை. அவை கண்ணை மூடும்போது வேறு யாரோ கண்ணைத் திறப்பதுபோல இருக்கிறது.

கப்பலில் வரும் விலங்குகளைத் தனியே வைத்துப் பார்க்கும் எங்கள் நிலையம் தூத்துக்குடியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டரில், உப்பளங்களுக்கு நடுவே இருக்கிறது. ஒரே ஒரு ரோடு. உள்ளே போகிறவர்கள் பதினாலு நாள் வெளியே வரக்கூடாது என்பது விதி. இந்த முறை இரண்டு பேர். ரத்தம் எடுக்க நான், தீனி போட்டுக் கூண்டு கழுவத் தளவாய் அண்ணாச்சி. டாக்டர் வெளிக்கேட் வரை வருவார், மற்றபடி போனில்தான்.

மகள் பெனிட்டாவை அவள் அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். பதினோராம் வகுப்பு, பரீட்சை நேரம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மாத்திரை பதினெட்டு கொண்டுவந்திருக்கிறேன். தேவைக்கு நாலு கூடுதல்.

நவம்பர் 4

பழம் தின்னவில்லை. வேர்க்கடலையைத் தோலோடு போட்டதும் வந்தன. ஒரு தாயும் அதன் வயிற்றில் தொங்கும் குட்டியும் மட்டும் கூண்டின் மூலையை விட்டு அசையவில்லை.

நவம்பர் 6

ஏழுக்கும் ரத்தம் எடுத்தாயிற்று. கூண்டின் பின்சுவரை இழுத்தால் குரங்கு முன்கம்பியோடு நெருங்கும், கையைப் பிடித்து ஊசி போடலாம். அண்ணாச்சி சுவரை இழுத்தார். அவருக்குப் பலமான கை, ஆனால் ஒரு தடவைகூட ஓங்கி இழுக்கவில்லை. "அதும் பாவம்லா, எங்க போவும்" என்றார்.

சாப்பிட்டபின் நான் மாத்திரை போடுவதைப் பார்த்து என்ன என்று கேட்டார். சத்து மாத்திரை என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போகாத ஞாயிறு. அண்ணாச்சி சாளைக் கருவாட்டுக் குழம்பு வைத்தார். நன்றாக இருந்தது. அவருடைய மூத்த மகளுக்குத் தலைப்பிரசவம், டிசம்பர் இருபதை ஒட்டித் தேதி சொல்லியிருக்கிறார்களாம். அதைப் பற்றித்தான் பேச்சு முழுக்க.

நவம்பர் 12, புதன்

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

டாக்டர் போன் செய்து, ஸ்பீக்கரில் போடுங்கள், இரண்டு பேரும் கேளுங்கள் என்றார். ரத்தத்தில் ஒரு வைரஸ் இருக்கிறது. பெரிய குரங்குகள் ஆறுக்கும் இருக்கிறது.

"மனுஷனுக்கு எய்ட்ஸ் கொடுக்கிற வைரஸுக்கு இது பங்காளி. காட்டுல இந்த இனத்துல பாதிக்கு மேல இது இருக்கும். நான் எதிர்பார்த்ததுதான்."

அண்ணாச்சி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "அப்ப எல்லாம் செத்துரும்லா மேடம்?"

"சாகாது அண்ணாச்சி. இதுங்களுக்கு நோயே வராது. ரத்தத்துல எக்கச்சக்கமா வைரஸ் இருக்கும். அது பாட்டுக்குத் திங்கும், குட்டி போடும், வயசாகித்தான் சாகும். ஆனா நம்ம ஊர்க் குரங்கு உடம்புல இது போச்சுன்னா, ரெண்டு மூணு வருஷத்துல மெலிஞ்சு செத்துடும்."

"அது எப்படி? ரெண்டும் குரங்குதான."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நோய் வருகிற உடம்பு வைரஸோடு ஓயாமல் சண்டை போடுகிறது. அந்த ஓயாத சண்டையே உடம்பைக் கரைக்கிறது. குடலின் சுவர் பழுதாகி, அங்கிருக்கும் கிருமிகள் ரத்தத்தில் கசிந்து, சண்டை இன்னும் மூளுகிறது. இந்த வெள்ளை இமைக்காரர்களின் உடம்பு முதல் சில வாரம் சண்டை போட்டுவிட்டு அடங்கிவிடுகிறது. குடல் கெடுவதில்லை. உடம்பைக் காக்கும் அணுக்களில் முக்கியமானவற்றில் வைரஸ் நுழைகிற கதவும் இவற்றுக்குக் குறைவு.

"அப்ப ஜெயிச்சிருதுன்னு சொல்லுங்க."

"ஜெயிக்கல. வைரஸ் அப்படியேதான் இருக்கு. அதோட குடும்பம் நடத்தப் பழகிக்கிச்சு. பல்லாயிரம் வருஷம் ஆகியிருக்கும். ஆரம்பத்துல தாங்க முடியாததெல்லாம் செத்திருக்கலாம், தாங்கினதோட வாரிசுதான் இது. இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது."

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அந்த நோயின் பெயரைக் கேட்டதும் மேலிடத்தில் பயந்துவிட்டார்கள். எங்களை டிசம்பர் 15 வரை வெளியே விட வேண்டாம் என்று உத்தரவு. கூட இருந்தால் தொற்றாது, ரத்தம் ரத்தத்தில் கலந்தால்தான் உண்டு என்று தான் எழுதிக் கொடுத்தும் கேட்கவில்லையாம்.

"வேற ஏதாவது வேணுமா சகாயராணி? துணி, மருந்து?"

"இல்ல மேடம்" என்றேன்.

மாத்திரை இருப்பது எட்டு.

நவம்பர் 13, வியாழன்

மாதம் ஒருமுறை போகிற இடத்துக்குப் போன் செய்தேன், குளியலறைக்குள் நின்று. அங்கே ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மா நல்லவர். "உங்க கார்டோட யாராவது வந்தா மாத்திரையக் குடுத்துருவேன்மா. வீட்டுல யாரும் இல்லியா?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கார்டு வீட்டு பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போகக்கூடியவள் பெனிட்டா ஒருத்திதான்.

அவள் அப்பா மிக்கேல் இறந்து ஆறு வருடம் ஆகிறது. காசநோய் என்று எல்லோரிடமும் சொன்னேன். காசநோயும் இருந்தது, அது பொய் இல்லை.

மத்தியானம் சாப்பிடும்போது அண்ணாச்சி தன் தெருவில் இருந்த ஒரு லாரி டிரைவர் கதையைச் சொன்னார். "அந்தச் சீக்குன்னு தெரிஞ்ச பொறவு ஒருத்தனும் அந்த வீட்டுப் பக்கம் போகல. செத்தன்னைக்குத் தூக்குறதுக்கு ஆளில்ல. ஆஸ்பத்திரி வண்டி வந்துதான் கொண்டு போச்சு."

"நீங்க போனீங்களா அண்ணாச்சி?"

"எனக்குப் பிள்ளைய இருக்கு ராணி" என்றார். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டார். போதும் என்றேன்.

நவம்பர் 14

மழை பிடித்துக்கொண்டது. குட்டியின் ரத்தத்தை இரண்டாம் தடவை சோதித்ததில் வைரஸ் இல்லை என்று செய்தி வந்தது. இந்த இனத்தில் தாய்ப்பாலில் பெரும்பாலும் போவதில்லையாம். தாயிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்று டாக்டர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

நவம்பர் 15

ரோடு தெரியவில்லை. உப்பளமும் ரோடும் ஒரே தண்ணீராகிவிட்டது. காய்கறி வண்டி வரவில்லை. மாத்திரை ஐந்து.

நவம்பர் 16, ஞாயிறு

கொட்டகைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கூண்டுகளைச் சிமெண்ட் மேடைமேல் ஏற்றத் தொடங்கினோம். ஐந்து ஏற்றியாயிற்று. ஆறாவது பெரிய ஆண். தூக்கும்போது அண்ணாச்சிக்குக் கால் வழுக்கி, கூண்டு சாய்ந்து, அவர் கை கம்பிக்குள் போய்விட்டது. கடித்த வேகத்தில் குரங்குக்கும் ஈறு கிழிந்து ரத்தம். அவர் உள்ளங்கையில் இரண்டு ஆழமான பல் குழி, கையெல்லாம் ரத்தம். எது யாருடையது என்று சொல்ல முடியாது.

சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவவைத்தேன். டாக்டருக்குப் போன் போட்டேன். தடுப்பு மாத்திரை உடனே தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, எழுபத்திரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் பயன் இல்லை, இருபத்தெட்டு நாள் விடாமல் போட வேண்டும் என்றார். மாத்திரையின் பெயரைச் சொன்னார். மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. "படகு ஏற்பாடு பண்றேன். இந்தக் காத்துல இன்னைக்கு முடியாதுங்கிறாங்க. நாளைக்கு எப்படியாவது..." அதற்குமேல் கேட்கவில்லை. டவர் போய்விட்டது.

அண்ணாச்சி படியில் உட்கார்ந்திருந்தார். கையைத் துணியில் சுற்றித் தன் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல.

"மகளுக்குப் பிள்ள பொறக்கும். நான் தூக்க முடியாதுல்லா" என்றார்.

நான் என் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூன்று நாள் இருக்கிறதே, படகு வந்துவிடுமே என்று சொல்லிக்கொண்டேன். இந்தத் தண்ணீரில் எந்தப் படகு வரும் என்றும் கேட்டுக்கொண்டேன். இந்த நோட்டில் இதுவரை எழுதாததை இப்போது எழுதிவிடுகிறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஆறு வருடமாக இருக்கிறது. டாக்டர் சொன்ன மாத்திரைதான் என் மாத்திரை.

டப்பாவைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன்.

"இதுதான் அண்ணாச்சி டாக்டர் சொன்னது. இப்பவே ஒன்னு போடுங்க. அஞ்சு இருக்கு."

"இது உன் சத்து மாத்திரைல்லா?"

"சத்து மாத்திரை இல்ல."

அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புரிந்துகொள்ள நேரம் எடுத்தது. புரிந்த நேரத்தை நான் கண்ணால் பார்த்தேன். உட்கார்ந்தபடியே ஒரு படி பின்னால் நகர்ந்தார். வேண்டுமென்று செய்யவில்லை, உடம்பு தானாக நகர்ந்தது.

"எவ்வளவு நாளா?"

"மிக்கேல் இருக்கும்போதே."

மாத்திரையை வாயில் போட்டு, குழாயில் கையேந்தித் தண்ணீர் குடித்தார். அப்போது மணி மூன்றரை.

நவம்பர் 17, திங்கள்

மழை. போன் இல்லை. அண்ணாச்சி தன் தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு கொட்டகைத் திண்டில் போய்ச் சாப்பிட்டார். மாத்திரை போட்டாரா என்று தூரத்திலிருந்து கேட்டேன். தலையாட்டினார்.

நான் போடவில்லை. இரண்டாம் நாள்.

நவம்பர் 18

ஆளுக்கொரு கோடியிலிருந்து கூண்டுகளைக் கழுவினோம். கடித்த ஆண் கடலை தின்றது.

நவம்பர் 19, புதன்

மழை விட்டது, தண்ணீர் வடியவில்லை. காலையில் தாய்க்குரங்கின் கூண்டுமுன் அண்ணாச்சி குந்தியிருந்தார். நான் தீனித் தட்டோடு போனேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"உனக்கு எத்தன மாத்திரை மிச்சம் ராணி?"

"இன்னைக்குள்ளது போக உங்ககிட்ட இருக்கது ஒன்னுதான்."

"அப்ப நீ போடலியா?"

"இல்ல."

அவருக்கு அது இதுவரை தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நீயும் இந்தக் குரங்கு மாதிரின்னு நெனச்சேன். உள்ள இருக்கும், ஒன்னும் செய்யாதுன்னு."

"அதுக்கு மருந்து வேண்டாம் அண்ணாச்சி. எனக்கு வேணும். மருந்து போட்டாத்தான் அடங்கிக் கிடக்கும். விட்டா எழும்பிரும்."

"எத்தன நாள்ல?"

"தெரியாது. ரெண்டு வாரம்ங்காவ, மூணு வாரம்ங்காவ."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. மகளுக்குங்கூட."

மத்தியானம் அவர் சோறு வடித்தார். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போகவில்லை. மேசையின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

நவம்பர் 20, வியாழன்

தீயணைப்புப் படகு வந்தது. கம்பு நுனியில் பை கட்டிக் கேட்டுக்குமேல் நீட்டினார்கள். அரிசி, காய், முப்பது மாத்திரை உள்ள டப்பா ஒன்று. அண்ணாச்சிக்கு இன்று போட வேண்டியது ஏற்கெனவே இருந்தது. புது டப்பாவை என் கையில் வைத்தார்.

"போடு மொதல்ல."

"உங்களுக்கு?"

"நான் பாத்துக்கிடுதேன். நீ போடு."

சாயங்காலம் டவர் வந்ததும் அவரே டாக்டருக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். "மேடம், பைய எடுக்கையில டப்பா தவறித் தண்ணிக்குள்ள போயிட்டு. ஒன்னுதான் தப்பிச்சுது, அதப் போட்டுட்டேன். இன்னொரு டப்பா அனுப்புங்க" என்றார். டாக்டர் கோபப்பட்டார். கோபத்தில் நியாயம் இருந்தது. அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் சரி மேடம், தப்புத்தான் மேடம் என்றார்.

வைத்தபின் நான் அழுதேன். "சும்மா கெட. குழம்பு கொதிக்கி" என்றார்.

நவம்பர் 21

ரோடு பாதி தெரிகிறது. டிராக்டரில் இன்னொரு டப்பா வந்துவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

மேலிடத்துக் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. கடிபட்டது 16ஆம் தேதி, மருந்து தொடங்கியது 20ஆம் தேதி, எழுபத்திரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது. ஆகவே தளவாய் என்ற ஊழியர் மூன்று மாதம் நிலையத்திலேயே தனிமையில் இருக்க வேண்டும். மருந்தைத் தவறவிட்டதற்கு விளக்கம் தர வேண்டும். கடித்த விலங்கைக் கொல்வது பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும்.

மூன்று மாதம் என்றால் பிப்ரவரி.

"போனாப் போவுது. பிள்ளையப் போட்டோவுல பாத்துக்கிடுதேன்" என்றார். கொட்டகைக்குப் போய், ஏற்கெனவே கழுவிய தரையை மறுபடி கழுவினார்.

அவர் மகளிடமிருந்து போன் வந்தது. அவர் எடுக்கவில்லை. பிறகு அவர் மனைவியிடமிருந்து வந்தது. ஊரில் ஏதோ கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 24, திங்கள்

டாக்டரிடம் சொல்லலாம் என்று மூன்று தடவை போனை எடுத்தேன். மூன்று தடவையும் வைத்தேன். சொன்னால் வேலை போகுமா என்பது ஒன்று. நாளை அலுவலகத்தில் என் டம்ளரைத் தனியே வைப்பார்கள் என்பது இன்னொன்று. நாத்தனார் காதுக்குப் போனால் தன் தம்பிக்கு நான்தான் கொடுத்தேன் என்பார், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பெனிட்டா போனில், "எப்பம்மா வருவ?" என்றாள். பதினைந்தாம் தேதி என்றேன். நான் போவேன். அண்ணாச்சி போகமாட்டார்.

நவம்பர் 25, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு டாக்டருக்குப் போன் செய்தேன். அண்ணாச்சி கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். திரும்பி நின்றுகொண்டேன்.

"மேடம், அண்ணாச்சி பதினாறாந்தேதி மூணரைக்கே மருந்து போட்டுட்டாரு. கடிச்சு ஒரு மணி நேரத்துல. ஒரு நாளும் விடல."

"மருந்து ஏது? நான் அனுப்பினதே இருபதாந்தேதிதான."

"என்னோடது."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "எத்தனை வருஷமா?" என்றார்.

"ஆறு."

"கடைசி டெஸ்ட்ல வைரஸ் எண்ணிக்கை?"

"கண்டுபிடிக்கிற அளவுக்கு இல்லன்னு போட்டிருந்துச்சு. நடுவுல நாலு நாள் விட்டுட்டேன். இப்பப் போடுதேன்."

"அன்னைக்கு மருந்து வேணுமான்னு கேட்டேனே சகாயராணி."

"ஆமா மேடம்."

பிறகு வேலை பேசுகிற குரலில் பேசினார். என்னைக் கேட்காமல் இதை யாரிடமும் சொல்லச் சட்டம் தன்னை விடாது, சொல்லவும் மாட்டேன் என்றார். நிலையத்தில் இருப்பிலிருந்த மருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டது, தேதியைத் தான் தவறாகக் குறித்துவிட்டேன் என்று எழுதுவதாகச் சொன்னார். நிலையத்தில் இருந்ததுதானே, பொய் இல்லை என்றார்.

"உங்க பேருக்குக் கெட்டது மேடம்."

"தப்பாக் குறிச்ச டாக்டர்னு ஒரு மெமோ வரும். வரட்டும். டப்பா விழுந்த கதைக்கு அண்ணாச்சியைத் திட்டினதுக்கு அது சரியாப் போகும்."

அண்ணாச்சி சுவரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சொல்லாட்டி என்ன குறைஞ்சிருக்கும்" என்றார், கோபமாக.

டிசம்பர் 2

உத்தரவு திருத்தப்பட்டது. அண்ணாச்சியும் பதினைந்தாம் தேதி போகலாம். ஆறு வாரம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் ரத்தம் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 9, செவ்வாய்

எந்தக் குரங்கையும் கொல்லவில்லை, கடித்ததைக்கூட. வடக்கே ஓர் ஆராய்ச்சிக் காப்பகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மூடிய கட்டடம், மரம் கிடையாது. நம் நாட்டுக் குரங்குகள் கண்ணில் படும் தூரத்தில்கூட இவற்றை விடக்கூடாது. டாக்டர் இதற்காக எத்தனை கடிதம் எழுதினார் என்று தெரியாது. அவர் குரலில் சந்தோஷம் இல்லை. உயிரோடு இருக்கும், அவ்வளவுதான் என்றார்.

டிசம்பர் 12, வெள்ளி

லாரி வந்து ஏற்றிப் போனது. தாயும் குட்டியும் ஒரே கூண்டில்.

டிசம்பர் 15, திங்கள்

கேட் திறந்தது. அண்ணாச்சியின் மனைவி ஆட்டோவில் வந்திருந்தார், இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி கொஞ்சம் தயங்கிவிட்டு முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். போகும்போது திரும்பிப் பார்த்தார், கையெல்லாம் ஆட்டவில்லை.

சாயங்காலம் பெனிட்டாவை வீட்டுக்குக் கூட்டி வந்து, பீரோவிலிருந்து கார்டை எடுத்து அவள்முன் வைத்துச் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்து, மடித்து வைத்தபின்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு?"

"உனக்கு இல்ல. மூணு தடவ பாத்தாச்சு. சத்தியமா இல்ல."

"அதக் கேக்கல. எனக்கு ஏன் சொல்லலன்னு கேக்குதேன்."

அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

டிசம்பர் 17, புதன்

இன்று மாத்திரை வாங்கும் மையத்துக்குப் போகிற நாள். விட்டுப்போன நாட்களுக்காக ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் நான் கிளம்பும்போது பெனிட்டாவும் செருப்பைப் போட்டாள். பள்ளிக்கூடம் என்றேன். லீவு சொல்லியாச்சு என்றாள். இரண்டு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தும் என்னோடு உட்காரவில்லை. இரண்டு சீட் முன்னால் போய் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

மையத்தில் நல்ல கூட்டம். நான் எப்போதும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்பேன். பெனிட்டா நடு பெஞ்சில் இடம் பிடித்து என்னைப் பார்த்தாள். போய் உட்கார்ந்தேன். யாராவது தெரிந்த முகம் இருக்கிறதா என்று அவள் சுற்றிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

என் நம்பரைக் கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனோம். ஆறு வருடமாக நான் தனியே வருவதைப் பார்த்துப் பழகிய கவுன்சிலர் அம்மா, "இது யாரு, கூட வந்திருக்கது?" என்றார்.

தெரிந்த பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மக" என்று சொல்லிவிட்டு, அவளே நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டாள்.